விழுவதற்கு ஒரு விரிப்பு

எல்லோரும் முதலில் விழுகிறார்கள். பிறகுதான் எங்கே விழுந்தோம் என்று பார்க்கிறார்கள். விழுவதற்கு முன்பே இடம் தேடி ஒரு மாதம் அலைந்தவன் நான். அந்த அலைச்சலின் பலனை எங்கள் குடும்பம் இன்றுவரை அனுபவித்து வருகிறது.

எண்பதுகளின் தொடக்கம். போடியில் மீசை அரும்பியவன் எல்லாம் காற்றைக் குத்திக்கொண்டிருந்த காலம். கொட்டகைக்கு ஒரு சண்டைப்படம் வந்துபோனால் ஊரில் உடையாத ஓடு ஒன்றைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். (உடைத்தவன் கை வீங்கிக் கிடந்ததைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள்.) நான் இன்னும் ஒரு படி மேல். ஞாயிற்றுக்கிழமைதோறும் மதுரைக்கு ரயிலேறி ஒரு மாஸ்டரிடம் கராத்தே படித்தேன். அதுவரை படித்தது கும்பிடுவதும் கத்துவதும். இரண்டிலும் எனக்கு இணை கிடையாது.

ஒருநாள் மாஸ்டர் சொன்னார்: "உங்க ஊர்ல ஒரு கிளை போடலாம்ப்பா. நல்ல இடமும் மெத்துன்னு தரையும் இருந்தாச் சொல்லு, வந்து பாக்குறேன். நீதான் பொறுப்பு."

பொறுப்பு! குரங்கணி மலைமேல் மேகம் இறங்குவதுபோல அந்தச் சொல் என் தலைக்குள் இறங்கியது. அப்புறம் எனக்கு எதுவும் தெளிவாகத் தெரியவில்லை.

அய்யாவிடம் மாடியறையைக் கேட்டேன். (அப்பாவை நாங்கள் அய்யா என்போம்.) மலையில் எங்களுக்குச் சின்னதாக ஓர் ஏலக்காய்த் தோட்டம். விலை ஏறட்டும் என்று அவர் பிடித்து வைத்திருந்த கடைசிக் காய் கீழே பட்டாசாலை என்கிற முன்கூடத்தில் கிடந்தது. வெற்றிலையை மடித்தபடி தீர்ப்புச் சொன்னார்.

"ஒரு மாசம் வச்சுக்க. ஒங்க வாத்தியாரு வந்து நல்லாருக்குன்னு சொன்னா அறை ஒனக்கு. இல்லேன்னா பேசாம எங்கூட மலைக்கு வந்து தோட்டத்துச் சோலியப் பாரு. காய் மேல மட்டும் ஒரு தூசி விழக்கூடாது, ஆமா."

மலை என்றால் மழை, அட்டை, மறுபடி மழை. என் எதிர்காலம் முழுவதும் இப்போது ஒரு தரையின் மேல் நின்றது. அந்தத் தரையோ சிமெண்ட்.

பாய்க்கடை ராவுத்தரிடம் போனேன். அவர் மகன் என் வகுப்புத் தோழன். அதனால் எனக்கு அவர் மாமா.

"எதுக்கு அப்பு பாய்? விசேசத்துக்கா?"

"விழுறதுக்கு மாமா."

ராவுத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "படுக்கக் கேட்டிருக்காக, பந்திக்குக் கேட்டிருக்காக. விழுறதுக்கு இன்னைக்குத்தேன் கேக்குறேன். எந்திரிக்க வேற பாய் வேணுமா, இல்ல இதுலயே எந்திரிச்சுக்கிருவியா?"

கோரைப்பாய் விரித்தேன். ஓடிவந்து ஓர் உதை விட்டேன். பாய் எதிர்ச்சுவர் வரை போய்ச் சேர்ந்தது. நான் புறப்பட்ட இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கோரை வழுக்குகிறதென்று தென்னங்கயிற்று விரிப்புக்கு மாறினேன். அது வழுக்கவில்லை. மாறாக, முழங்கை முழங்கால் தோலையெல்லாம் தானே வைத்துக்கொண்டது. ஈஸ்வரி அக்கா மஞ்சளைக் குழைத்துப் பூசியபடி கேட்டாள்: "சண்டை ஆரு கூடடா? பாயோடயா? அதுதேன் செயிக்குது போலயே."

அப்போதுதான் ஞானம் பிறந்தது. ஊரெல்லாம் இலவம்பஞ்சு. நாடே எங்கள் ஊர் மெத்தையில் தூங்குகிறது. நான் பாயில் தோலுரிகிறேன்! அய்யாவின் பழைய ஏலக்காய்ச் சாக்குகளில் பஞ்சைத் திணித்து, கோணி ஊசியால் தைத்து, அறை முழுக்கப் பரப்பினேன். மேகத்தைப் பிடித்துத் தைத்துப் போட்டதுபோல இருந்தது. அறை நடுவில், பட்டாசாலைக்கு வெளிச்சம் போவதற்காகத் தரையில் விட்டிருந்த கம்பி அழியையும் அந்த மேகம் மூடிக்கொண்டது.

போடியில் தவழும் பிள்ளைக்கும் தெரிந்த விதி ஒன்று உண்டு: ஏலக்காய் கிடக்கும் வீட்டில் இலவம்பஞ்சைப் பிரிக்கக்கூடாது. இரண்டும் ஊருக்குச் சோறு போடுகிறவைதான். ஆனால் சம்பந்தம் செய்துகொள்ளாத இரண்டு குடும்பங்கள். 'நான் எங்கே பிரித்தேன், தைத்தல்லவா வைத்திருக்கிறேன்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மாஸ்டர் வந்தார். கீழே காயெல்லாம் பொறுக்கி முடித்து, மறுநாள் ஏலத்துக்காகப் பச்சைப் பசேலென்று பரப்பிக் கிடந்தது. அதை ஓரமாகத் தாண்டி வந்து, அக்கா வைத்த கோழிக்குழம்பைத் தீர்த்துவிட்டு, மாடியேறி விரிப்பைக் காலால் அமுக்கிப் பார்த்தார்.

"அருமையா இருக்கேப்பா!"

வாசலில் நின்ற அய்யா தலையாட்டினார். அறை எனக்கு. கிளை எனக்கு. அய்யா திருப்தியாகப் படியிறங்கிப் போனார். அத்தோடு வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் இன்று ஒரு மாஸ்டர்.

"மாஸ்டர், ஒரே ஒரு தடவ என்னயத் தூக்கிப் போட்டுக் காட்டுங்க."

போட்டார். நான் மெத்தென்று அமிழ்ந்தேன். குழம்புச் சோற்றின் பாரத்தில் நிலை தடுமாறி அவரும் என் மேலேயே வந்தார். அடியில் அழிக்கம்பியின் துருத்திய முனை சாக்கைப் பிடித்தது. 'டர்ர்ர்.'

விருந்தாளிக்கு மரியாதையாக மின்விசிறியை முழு வேகத்தில் வைத்திருந்தேன். மற்றதை அது பார்த்துக்கொண்டது. வெள்ளை எழுந்தது, சுழன்றது, மூக்கில் ஏறியது. அழி வழியாக நிதானமாக, அவசரமே இல்லாமல், பட்டாசாலைக்கு இறங்கியது. சித்திரை வெயிலில் எங்கள் வீட்டுக்குள் மட்டும் ஒரு மார்கழி.

கீழிருந்து அய்யாவின் குரல்: "டேய்ய்ய்! காயிடா! ஏ ஈஸ்வரி, வெரசா மொறத்தக் கொண்டா!"

முறத்தால் விசிறினோம். பறந்த பஞ்சு ஒரு சுற்றுச் சுற்றி, பக்கத்துக் காயில் உட்கார்ந்தது. மாஸ்டர் எங்கள் எல்லோரையும் முறைப்படி கும்பிட்டார். "ரயிலுக்கு நேரமாச்சு" என்று நடையைக் கட்டினார். வரும்போது கறுப்பாக இருந்த அவர் பெல்ட்டு, போகும்போது வெள்ளையாக இருந்தது. (கராத்தேயில் அது முதல் நாள் சேர்ந்தவனுக்குக் கட்டுவது.)

மறுநாள் ஏலத்தில் எங்கள் மாதிரிக் காய் தட்டில் சுற்றி வந்தது. ஒரு வியாபாரி ஒரு காயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"என்னங்கய்யா, காய்க்குத் தாடி மொளச்சிருக்கு?"

அய்யா முகம் மாறவில்லை. "ரொம்ப நாளா வச்சிருந்தேன்ல. வயசுக்கு வந்துருச்சு."

கூடம் சிரித்தது, காய் விற்காமல் வீடு திரும்பியது. அதற்கடுத்த நாள் குரங்கணி ஜீப்பில் மூட்டைகளுக்கு நடுவே ஒரு மூட்டையாக நானும் இருந்தேன். மழைக்கும் அட்டைக்கும் இடையில், பேச ஆளில்லாமல், அங்கேதான் எழுதப் பழகினேன். ஆக, என் இலக்கியத்துக்கு மூலகாரணம் ஒரு கிழிந்த சாக்கு.

இன்றும் எங்கள் வீட்டில் யாருக்குக் கல்யாணம் என்றாலும், புது வேலை என்றாலும், ஈஸ்வரி அக்கா திருநீறு பூசிவிட்டுச் சொல்வது ஒன்றே: "கீழ என்ன கெடக்குன்னு பாத்துட்டு விழு."

அய்யா அதைக்கூடச் சொன்னதில்லை. என் முதல் புத்தகம் வந்தபோது அவர் கையில் கொடுத்தேன். வாங்கி, தலைகீழாகப் பிடித்து, இரண்டு உதறு உதறினார்.

"பரவால்லடா, ஒண்ணும் பறக்கல" என்று திருப்பிக் கொடுத்தார்.