காலையைத் திருத்தப் புறப்பட்டவர்

காலைச் சீர்திருத்தவாதி என்று ஓர் இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். உலகத்தில் மற்ற எல்லாம் எப்படியோ நடந்துகொண்டிருக்கிறது, தான் கண் விழிப்பதற்கும் வாசலைத் தாண்டுவதற்கும் நடுவே இருக்கிற அந்தச் சின்னப் பொழுது மட்டும்தான் கோணலாகக் கிடக்கிறது, அதை நிமிர்த்திவிட்டால் வாழ்க்கையே நிமிர்ந்துவிடும் என்று மனதார நம்புகிறவர். முதல் நாள் மாலையில் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் இருக்கும். மறுநாள் காலையில் அது இருக்காது. கொட்டாவி இருக்கும்.

இந்த இனத்தில் ஒருவரை மட்டும் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். பஸ் டிப்போ ஒன்றில் டைம்கீப்பர். காலை ஐந்தே முக்காலுக்கு டிப்போவின் இரும்புக் கேட்டைத் திறந்து, ஆறு மணிக்கு விசில் ஊதி முதல் பஸ்ஸை வெளியே அனுப்புவது அவர் பொறுப்பு. பதினோரு வருஷத்தில் ஒரு நாள்கூடப் பிந்தியதில்லை. எப்படி என்கிறீர்களா? நாலே முக்காலுக்கு எழுவார். பல் துலக்கிக் குளித்துச் சட்டையை மாட்டுவார். மனைவி நீட்டும் டீயை நின்றபடியே குடிப்பார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார். இதில் திருத்துவதற்கு என்ன இருக்கிறது? ஒன்றுமே இல்லை. அப்படிப்பட்ட காலையைத்தான் இந்த இனத்துக்குத் திருத்தப் பிடிக்கும்.

வினை போன் வழியாக வந்தது. பளபளவென்று தலை வாரிய ஒருவர் திரையில் தோன்றி, "நீங்கள் காலையில் எழுகிறீர்களா, அல்லது எழுப்பப்படுகிறீர்களா?" என்று கேட்டார். டைம்கீப்பருக்குத் திக்கென்றது. பதினோரு வருஷமாக அலாரம்தானே எழுப்புகிறது! காலை என்பது வளைந்து கொடுக்க வேண்டும், அதே சமயம் நோக்கத்தோடு இருக்க வேண்டும் என்றார் திரைக்காரர். வளைவு, நோக்கம். இரண்டே சொல். அன்று மாலையே டைம்கீப்பர் மகளின் கலர்ப் பேனாக்களைக் கேட்டு வாங்கினார்.

ஏழு அட்டைகள் தயாராயின. வெந்நீர், மூச்சு, கை கால் நீட்டல், நன்றி எழுதுதல், வானம் பார்த்தல், சும்மா இருத்தல், நோக்கம். இவற்றை வரிசையாகச் செய்தால் அது பழைய பஞ்சாங்கம். அன்றன்றைய மனசுக்கு ஏற்றபடி வரிசையை மாற்றிக்கொள்வதுதான் வளைவு. ஆகவே அன்றைய மனசு எப்படி இருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். அதற்காக நாலு மணிக்கே எழுந்து, அட்டைகளைப் படுக்கையில் பரப்பிவைத்து, ஒவ்வொன்றையும் எடுத்து எடுத்துப் பார்த்தார்.

பள்ளிப் பரீட்சைக்குப் படிக்க எழுந்த மகள் எட்டிப் பார்த்தாள். "யாருகூடப்பா ரம்மி ஆடுறீங்க?"

"ஆட்டமில்லம்மா. காலையை வடிவமைக்கிறேன்."

"அது பாட்டுக்கு விடியும்ப்பா," என்று சொல்லிவிட்டு அவள் திரும்பவும் போய்ப் படுத்துக்கொண்டாள்.

மனைவி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுப்பவர். வெறும் வயிற்றோடு வருகிறவர்களைக் காக்க வைக்கக் கூடாது என்பதால், ஆறு மணி முதல் பஸ்ஸைப் பிடித்து ஆறரைக்கு ஊசியும் கையுமாக உட்கார்ந்திருக்க வேண்டியவர். அவருக்கு வேண்டியது வளைவோ நோக்கமோ அல்ல, பாத்ரூம். அதற்குள்ளேயோ டைம்கீப்பர் மூச்சை இழுத்து நிறுத்திக்கொண்டிருந்தார்.

"என்னங்க, நோக்கம் கிடைச்சா கொஞ்சம் வெளிய வாங்க. எனக்கு பஸ் போயிடும்."

"பஸ்ஸை அனுப்புறதே நான்தானே. எப்படிப் போகும்?"

மூன்றாம் நாள் நன்றி நோட்டில் பிரச்சினை வந்தது. தினமும் மூன்று பேருக்கு நன்றி எழுத வேண்டும். முதல் நாள் மனைவி, மகள், வேலை என்று எழுதி முடித்துவிட்டார். இரண்டாம் நாளே சரக்கு தீர்ந்துபோய் மின்விசிறி, தலையணை உறை, வாளி என்று இறங்கினார். மூன்றாம் நாள் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு மறுபடி வாளி, சோப்பு டப்பா, மனைவி என்று எழுதினார். மனைவி படித்துவிட்டார்.

"வாளிக்கு அப்புறமாத்தான் நானா?"

"அது வரிசை இல்லம்மா. வளைவு."

"சோப்பு டப்பாவுக்கும் அப்புறம்!"

அன்றோடு டைம்கீப்பர் தன் காலையை மூட்டை கட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குக் குடிபோனார். ஒரு விதத்தில் எல்லாருக்கும் நிம்மதி. காலையில் முதல் ஒரு மணி நேரம் போனைத் தொடக் கூடாது என்று திரைக்காரர் சொல்லியிருந்ததால், அதன் வாயை அடைத்து, பிரிட்ஜில் முட்டைக்கோஸுக்கு அடியில் வைத்துவிட்டுப் போவார். ஐந்தேகாலுக்கு இறங்கிவந்து நேராக வேலைக்குக் கிளம்புவார். டீயையும் நிறுத்திவிட்டார். வீட்டில் அவர் எப்போது கிளம்புகிறார் என்று யாருக்கும் தெரியாது. வாசலில் செருப்பு இல்லாவிட்டால் போய்விட்டார் என்று அர்த்தம்.

பன்னிரண்டாம் நாள் மாடித் தரையில் பனி. காலில் சில்லென்று பட்டதால் செருப்பைப் போட்டுக்கொண்டே மேலே போனார்.

அன்று எல்லாம் கைகூடியது. வெந்நீர் பதமாக இருந்தது. மூச்சு எண்ணிக்கை தப்பாமல் வந்தது. ஆறு அட்டைகளை ஐந்து மணிக்குள் முடித்துவிட்டார். மிச்சம் இருந்தது நோக்கம் மட்டும். உட்கார்ந்தார். இன்றைக்கு என் நோக்கம் என்ன? கேட்டைத் திறப்பதா? சே, அது வேலை, நோக்கம் அல்ல. ஒழுங்கா? ஒழுங்கு நேற்றைய நோக்கம். அன்பா? அதைத் திங்கட்கிழமையே வைத்துப் பார்த்தாயிற்று, ஒத்துவரவில்லை. யோசித்தார். நோக்கம் வராவிட்டால் அவசரப்படுத்தக் கூடாது, இடம் கொடுத்துக் காத்திருக்க வேண்டும், அதுதானே வளைவு? கையில் கட்டியிருந்த கடிகாரம் ஐந்தேகாலுக்குக் கீச்சிட்டது. அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். கண்ணை மூடினார். கொஞ்சம் கொஞ்சமாக ஓர் அமைதி இறங்கியது. அப்படியோர் அமைதியை அவர் பிறந்ததிலிருந்து அனுபவித்ததில்லை. இருக்காதா பின்னே? தெருவில் ஒரு பஸ்கூட ஓடவில்லை.

கீழே என்ன நடந்தது என்பது அவருக்குப் பிறகுதான் தெரியும். டிப்போ கேட்டுக்கு உள்ளே இருபத்தாறு பஸ்கள். வெளியே ஐம்பது டிரைவர் கண்டக்டர்கள். இன்னொரு சாவி மேனேஜரிடம். மேனேஜர் வெளியூரில், ஒரு கல்யாணத்தில். முட்டைக்கோஸுக்கு அடியில் போன் நாற்பத்தொரு முறை ஊமையாக மின்னியது. ஆறரைக்கு, வெளியூரில் இரவு தங்கிய பஸ் ஒன்று பயணிகளோடு வந்து சேர்ந்தது. ஓடும் நிலையில் இருந்தது அது ஒன்றுதான். கேட்டில் தொங்கிய பூட்டைப் பார்த்தார் டிரைவர். "சரி, ஆளையே போய்ப் பார்த்துடுவோம்," என்று வண்டியைத் திருப்பினார். வழியில் பஸ்ஸுக்காக முக்கால் மணி நேரமாக நின்றிருந்த டைம்கீப்பரின் மனைவி ஏறினார்.

"அக்கா, சார் வீட்டுலயா இருக்காரு?"

"இல்லையே. அப்பவே கிளம்பிட்டாரே!"

"டிப்போவுக்கு வரலையே."

அந்த அம்மாள் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். சைக்கிள், இருட்டு, லாரி என்று என்னென்னவோ கண்முன் வந்தது. பஸ்ஸில் இருந்த நாற்பது பேரும் இரண்டு பக்கமும் ஜன்னல் வழியே தலையை நீட்டிச் சாலையோரப் பள்ளங்களைத் தேடிக்கொண்டே வந்தார்கள். பஸ் தெருவுக்குள் திரும்பியது. வீட்டுப் பக்கச் சந்தில் சைக்கிள் நின்றது; காலை இருட்டில் அது யார் கண்ணிலும் பட்டிருக்கவில்லை. அந்த அம்மாள் அண்ணாந்து பார்த்தார்.

மாடியில், கைகள் இரண்டையும் விரித்துக்கொண்டு, கண் மூடி, பனியனோடு, புன்னகையோடு, டைம்கீப்பர்.

டிரைவர் ஹாரனில் கையை வைத்தார், எடுக்கவில்லை. டைம்கீப்பர் கண்ணைத் திறந்து கைப்பிடிச் சுவர் வழியாக எட்டிப் பார்த்தார். கீழே ஒரு பஸ். ஜன்னலுக்கு ஜன்னல் முகம். முன் ஸீட்டில் மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"சார், சாவி!" என்றார் டிரைவர்.

"உடம்புக்கு என்னவாம்?" என்று பின் ஸீட்டில் ஒருவர் கேட்டார்.

"ஒண்ணுமில்ல. நோக்கம் தேடுறாராம்," என்றார் மனைவி. அதற்குள் அழுகை நின்று குரல் மாறியிருந்தது.

பனியனுக்கு மேல் சட்டையை மாட்டிக்கொண்டே ஓடிவந்து ஏறினார். மனைவி பக்கத்து ஸீட்டில் பையை வைத்துவிட்டார். நின்றுகொண்டே போனார். வெட்கத்தில் காது சிவந்திருந்தது. அப்போது பக்கத்தில் நின்ற ஒரு தையல்காரர் மெல்ல, "ஏன் சார், அந்த நோக்கம் வெந்நீருக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டார்.

நல்ல மனுஷன் வாயை மூடிக்கொண்டிருக்கக் கூடாதா? "அது உங்க மனசைப் பொறுத்தது," என்று ஆரம்பித்தார். இரண்டு நிறுத்தம் போவதற்குள் நாலு பேர் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் டிக்கெட்டின் பின்புறம் குறித்துக்கொண்டார். டைம்கீப்பரின் முகத்தில் அந்தப் பழைய வெளிச்சம் பரவியது. முன் ஸீட்டிலிருந்து ஒரு பார்வை வந்ததும் அணைந்தது.

ஏழு மணி ஐந்து நிமிஷத்துக்குக் கேட் திறந்தது. இருபத்தாறு பஸ்களும் ஒரே சமயத்தில் மூக்கை நீட்டின. வாழ்க்கையில் முதல்முறையாக அவர் ஊதிய விசில் ஒருவர் காதிலும் விழவில்லை.

மேனேஜர் திரும்பி வந்ததும் விளக்கம் கேட்டார். டைம்கீப்பர் மூன்று பக்கம் எழுதினார். வளைவைப் பற்றி இரண்டு பக்கம். மேனேஜர் முழுக்கப் படித்துவிட்டு, "உங்களுக்கு மத்தியான ஷிப்ட்தான் சரி," என்று சொல்லிக் கேட் சாவியை வாங்கிக்கொண்டார். அந்தச் சாவியைக் கழற்றிக் கொடுத்தது வலித்தது உண்மை. ஆனால் அதைவிட வலித்தது வீட்டில்தான்.

"பதினோரு பேர் பசியோட உட்கார்ந்திருந்தாங்க," என்றார் மனைவி. "ஒரு அம்மா தலை சுத்திச் சாய்ஞ்சுட்டாங்க. எனக்கு வேலையில வாங்கின முதல் திட்டு. அதுகூடப் பரவாயில்ல. அந்த பஸ்ல உங்களைப் பள்ளத்துல தேடிட்டு வந்தேங்க."

டைம்கீப்பருக்கு எல்லா அட்டையும் மறந்துபோனது. "மன்னிச்சுக்கோம்மா," என்றார்.

மறுநாள் மத்தியானம் வரை வேலையில்லை. ஆனால் பதினோரு வருஷப் பழக்கம் போகுமா? நாலே முக்காலுக்குக் கண் விழித்துக்கொண்டது. பல் துலக்கினார், குளித்தார், சட்டை மாட்டினார். ஐந்தேகாலுக்கு ரெடி. போக ஓர் இடமில்லை. டீ போட்டார். இரண்டு டம்ளர். மனைவியின் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை கூடவே நடந்தார். ஆறு மணி பஸ் சொன்ன நேரத்துக்கு வந்தது. ஏறும்போது மனைவி திரும்பிப் பார்த்து, "நாளைக்கும் வருவீங்கல்ல?" என்றார்.

இன்றுவரை போகிறார். இதற்கு ஒரு பெயர் வைக்கலாமா, நேரம் குறிக்கலாமா என்று நாக்கு நுனி வரை வரும். விழுங்கிவிடுகிறார்.

நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? அடுத்த திங்கட்கிழமையிலிருந்து என்று மனசுக்குள் ஏதோ முடிவு செய்துவைத்திருக்கிறீர்களே, அதை நான் கேட்கப்போவதில்லை. முந்தைய திங்கட்கிழமைகள் என்னவாயின என்றும் கேட்கப்போவதில்லை. ஒன்று மட்டும் செய்யுங்கள். நாளைக் காலை அந்தப் பாத்ரூம் கதவைத் திறந்து ஒரு தடவை வெளியே பாருங்கள். தோளில் துண்டோடு யாராவது நின்றுகொண்டிருந்தால், அவரிடம் நோக்கத்தைப் பற்றிப் பேச வேண்டாம். வழி விடுங்கள்.