தாலிக்கொடியோடு சாவோ பாவுலோவுக்கு

சாவோ பாவுலோ நகரத்தைப் பற்றிப் பிரேசில் அண்ணையை வெல்லக்கூடிய ஆள், சூரிச்சுக்குப் பக்கத்தில் நாங்கள் இருக்கும் ஆராவ் நகரத்தில் இல்லை. உண்மையான பிரேசில்காரர் ஒருவர் எங்கள் உணவகத்துக்குச் சாப்பிட வந்தபோது, அவரையே திருத்தி அனுப்பினார்.

அண்ணை கோப்பை கழுவுவார், நான் மரக்கறி வெட்டுவேன். முன்னொரு காலத்தில் கனடா என்று சொல்லிக் கூட்டிப்போன ஏஜென்சிக்காரன், அவரைச் சாவோ பாவுலோவில் நாலாம் மாடி அறையொன்றில் மாதக்கணக்காக அடைத்து வைத்தான். வெளியே போனால் பொலிஸ் பிடிக்கும் என்று வெருட்டல். அண்ணை ஒருநாளும் தெருவில் இறங்கவில்லை. அவருக்குத் தெரிந்த நகரம் முழுவதும் ஜன்னலால் பார்த்தது.

என் மகள் அந்த ஊர்ப் பெடியனைக் காதலித்தாள். கலியாணம் அங்கே, எங்கள் முறைப்படி. மனைவி முதலே போய்விட்டாள். நகை செய்த தட்டார் சுணக்கியதால் தாலிக்கொடியை நான் தனியே கொண்டுபோக வேண்டும். நானோ, பஸ்ஸில் இறங்குவதற்குப் பொத்தானை அமத்தக்கூட வெட்கப்பட்டு, வேறு யாராவது இறங்கும் இடம்வரை போகிறவன்.

"பயப்பிடாதையும், நான் இருக்கிறன்" என்றார் அண்ணை.

ரயில் நிலையத்துக்கு முன்னால் பயிற்சி தொடங்கியது.

"பையை முன்னுக்குப் போடும். பிள்ளைத்தாச்சி மாதிரி நடவும். றோட்டில ஃபோன் எடுக்கப்படாது. எடுக்கிறதெண்டால் கடைக்குள்ள போய்ச் சுவரைப் பாத்து நிண்டு எடும். வழி தெரியாட்டியும் தெரிஞ்ச ஆள் மாதிரி நடவும்."

சொல்லிவிட்டுப் போனவர், பின்னாலிருந்து சைக்கிளில் பறந்து வந்து என் ஃபோனைப் பறித்தார்.

"கத்தும் காணும்! கள்ளன் எண்டு கத்தும்!"

நான் "மன்னிக்கவும்" என்று ஜெர்மனில் சொன்னேன்.

திரும்பத் திரும்பப் பறித்தார். நாயோடு வந்த சீமாட்டி ஒருத்தி பொலிசுக்கு அறிவித்துவிட்டாள். வந்த பொலிஸ்காரர், "இவர் யார்?" என்று என்னைக் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அண்ணை நெஞ்சை நிமிர்த்தினார்.

"பிரேசில் கள்ளன்!"

விளக்கி முடிக்க மாலையாகிவிட்டது.

அடுத்தது தாலிக்கொடி.

"பைக்குள்ள வைச்சால் பறிப்பாங்கள். கழுத்தில போட்டுச் சேட்டுப் பொத்தானைப் பூட்டும். ஆம்பிளையின்ர கழுத்தில தாலிக்கொடியை உலகத்தில எந்தக் கள்ளனும் தேடமாட்டான்."

மனைவிக்கு ஃபோனில் சொன்னேன். "அதோட வந்து இறங்கினால் சம்பந்தி வீட்டுக்காரருக்கு நான் உங்களை ஆரெண்டு சொல்லுறது?" என்றாள்.

சூரிச் விமான நிலையத்தில் சோதனைக் கருவி கத்தியது. சட்டையைத் திறந்தார்கள். கொடி மின்னியது.

"இது என்ன?" என்றாள் அதிகாரி.

"கலியாணச் சங்கிலி."

"ஓ! உங்கள் மாப்பிள்ளை எங்கே?"

"பிரேசிலில்" என்றேன்.

அவள் முகம் மலர்ந்து என் கையைக் குலுக்கி வாழ்த்தினாள். திருத்திச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. பின்னால் நின்றவர்கள் கைதட்டினார்கள்.

விமானப் பயணம் முழுக்கச் சட்டைப் பொத்தானைப் பிடித்தபடி இருந்தேன். ஒருவரும் பறிக்கவில்லை. கொடி மகள் கழுத்தில் ஏறியபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

அடுத்த நாள் காலை தனியாகத் தெருவில் இறங்கினேன். பேக்கரி வாசனை, மோட்டார் சைக்கிள்கள், சிரித்துக் கதைக்கும் சனம். நடைபாதை நடுவில் நின்று ஃபோனை எடுத்து அண்ணைக்கு வீடியோ அழைப்பு எடுத்தேன்.

படம் வந்ததும் குளறினார். "உமக்கென்ன விசரோ? றோட்டில நிண்டுகொண்டு! உள்ள வையும், உள்ள வையும்!"

நான் வைக்கவில்லை. உயரக் கட்டடங்களைக் காட்டினேன்.

அண்ணை முகத்தை ஃபோனுக்குக் கிட்டக் கொண்டுவந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"மேல வேண்டாம் தம்பி. அதெல்லாம் ஜன்னலால பாத்திட்டன். றோட்டைக் காட்டும்."

பஸ் பொத்தானை அமத்த வெட்கப்படும் நான், அத்தனை சனத்துக்கு நடுவில் கையை நீட்டிப் பிடித்தபடி, அந்தத் தெரு முடியும்வரை அண்ணையை நடத்திக்கொண்டு போனேன்.