மாமாவின் காதில் சொன்ன கோல்

சாவு வீட்டில் அழாதவனை ஊர் மன்னித்துவிடும். பாவம், அதிர்ச்சியில் இருக்கிறான் என்று விட்டுவிடுவார்கள். குடித்துவிட்டுப் பாடைக்கு முன்னால் விழுந்து புரண்டவனைக்கூட மறுநாள் டீக்கடையில் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் சவ ஊர்வலத்தின் நட்டநடுவில் “கோல்” என்று கத்தியவனை என்ன செய்வதென்று வில்லியனூர்ப் பக்கத்தில் யாருக்கும் முன் அனுபவம் இல்லை. அந்த அனுபவத்தை அவர்களுக்குக் கொடுத்தவன் நான்தான்.

இறந்தவர் ஏழுமலை மாமா, என் அக்கா செல்வியின் வீட்டுக்காரர். சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை. எனக்குச் சொந்த ஊர் பாகூர் பக்கம். அக்காவைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து எனக்கும் அவருக்கும் பேச்சு என்றால் அது கால்பந்துதான். ஊரே கிரிக்கெட் மட்டையோடு திரிந்தபோது நாங்கள் இரண்டு பேர் மட்டும் இந்தியக் கால்பந்து அணிக்காகக் கவலைப்பட்டோம். (அந்த அணிக்கே அவ்வளவு கவலை இருந்ததா என்று தெரியாது.)

ஆசியக் கோப்பையில் நம் அணியின் வரலாறு மாமாவுக்கு அத்துப்படி. ஒரே ஒரு தடவை இரண்டாவதாக வந்தோம். “அது நான் பொறக்கறதுக்கு முன்னாடி மச்சான்” என்பார், ஏதோ அவர் பிறந்ததால்தான் எல்லாம் கெட்டது போல. அதற்குப் பிறகு பல கோப்பைகளுக்குத் தகுதியே பெறவில்லை. தகுதி பெற்றபோதெல்லாம் முதல் சுற்றோடு திரும்பி வந்தோம்.

அவருக்கென்று தனியாக ஒரு துரதிர்ஷ்டம் உண்டு. ஆசியக் கோப்பையில் இந்தியா கோல் போட்டதை அவர் நேரடி ஒளிபரப்பில் பார்த்ததே இல்லை. முன்பு ஒரு தடவை கத்தாரில் நடந்தபோது அந்தச் சானல் எங்கள் கேபிளில் வராது. அடுத்துத் தகுதி பெற்றபோது தாய்லாந்துக்கு நான்கு கோல் போட்டோம். அன்றைக்கு அவருக்கு ஷிப்டு. லீவு போட்டு உட்கார்ந்து பார்த்த ஆட்டத்தில் பஹ்ரைன்காரன் கடைசி நிமிடத்தில் பெனால்டி போட்டு நம்மை வீட்டுக்கு அனுப்பினான். “நான் பாத்தா அடிக்க மாட்டானுங்க மச்சான். ஒண்ணே ஒண்ணு பாத்துட்டா போதும்” என்பார்.

மறுபடியும் கத்தாரில் கோப்பை வந்தது. பொங்கல் சமயம். முதல் ஆட்டம் ஆஸ்திரேலியாவோடு. பாதி நேரம் வரைக்கும் கோல் விடாமல் தாக்குப்பிடித்தோம். மாமா எழுந்து நின்று, “இன்னா மச்சான், எப்டி நம்ம பசங்க” என்று வேட்டியை மடித்துக் கட்டினார். மீதிப் பாதியில் இரண்டு வாங்கினோம். வேட்டியை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்தார். அடுத்த ஆட்டம் உஸ்பெகிஸ்தான். அக்கா தோசையைத் தட்டில் போட்டு அவர் கையில் கொடுப்பதற்குள் முதல் கோல் விழுந்துவிட்டது. மொத்தம் மூன்று.

“சிரியாவோட ஒண்ணு இருக்குது. அதுக்கும் லீவு சொல்லிட்டேன். நீ வந்துடு” என்றார்.

அந்த ஆட்டத்துக்கு முதல் நாள் சாயங்காலம், கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடந்தவர் பாதி வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது உயிர் இல்லை. ஐம்பதுகூட ஆகவில்லை. உறவுக்காரர்களில் பாதிப் பேர் அந்த மூன்று கோல்தான் காரணம் என்று நம்பினார்கள். டாக்டர் சொன்ன காரணம் வேறு.

மறுநாள் நான் அக்காவுக்குப் பிறந்த வீட்டுக் கோடிப் புடவையோடு போய் நின்றேன். அக்கா என்னைப் பார்த்துவிட்டு, “இன்னிக்கி வரேன்னு சொன்ன இல்ல, வந்துட்டியே தம்பி” என்றாள்.

வெளியூர்ச் சொந்தங்கள் வந்து சேர்ந்து, சடங்கெல்லாம் முடிந்து, சவ வண்டி கிளம்ப மாலை ஐந்து ஆகிவிட்டது. சரியாக ஆட்டம் தொடங்கும் நேரம். எனக்கு அது பொறுக்கவில்லை. லீவு சொல்லிவிட்டு ஆவலாக இருந்த மனுஷனுக்காக யாராவது ஒருவர் அதைக் கேட்டாக வேண்டும் என்று தோன்றியது. (இப்போது யோசித்தால் பைத்தியக்காரத்தனம். அப்போது அது கடமையாகத் தெரிந்தது.) போனை இடுப்பு வேட்டியில் செருகினேன். ஒரு காதில் ஹெட்போனை வைத்து, அது தெரியாமல் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டேன்.

என்னிடம் பொரிக் கூடையைக் கொடுத்திருந்தார்கள். வண்டிக்குப் பக்கத்திலேயே நடந்து, வழி முழுக்கப் பொரியும் பூவும் இறைக்க வேண்டும். மாமாவுக்கு ஒரே மகள்தான் என்பதால், முன்னால் அவருடைய அண்ணன் கதிர்வேல் கொள்ளிச்சட்டியோடு நடந்தார். யாரையும் அதட்டியே பேசிப் பழகியவர். அவருக்கு முன்னால் மேளம், அதற்கும் முன்னால் வெடி.

ஒரு காதில் மேளம், இன்னொரு காதில் கத்தார். கரும்புத் தோட்டத்தை ஒட்டித் திரும்பும்போது காதில் குரல் உயர்ந்தது. நம் ஆள் பந்தோடு போகிறான், இன்னொருவனுக்குக் கொடுக்கிறான், கூட்டத்தின் இரைச்சல் ஏறுகிறது, வர்ணனை செய்பவர் கத்துகிறார், அவ்வளவுதான். சிக்னல் போய்விட்டது.

அவ்வளவு பெரிய கத்தலுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் இருக்க முடியும் என்று நான் நம்பினேன்.

“கோல்” என்று கத்தினேன். கத்தியதோடு நிற்கவில்லை. கை தானாக உயர்ந்து, கூடையிலிருந்த மொத்தப் பொரியையும் வானத்துக்கு வீசிவிட்டது. வெடி வைக்கிறவர் அதைச் சைகை என்று எடுத்துக்கொண்டு, சுடுகாட்டு வாசலுக்காக வைத்திருந்த ஆயிரம் வாலா சரத்தை அங்கேயே பற்ற வைத்தார். டிரைவர் பயந்து பிரேக் போட்டார். மேளம் நின்றது.

நான் யாரையும் பார்க்கவில்லை. நின்ற வண்டிக்குள் பாதி உடம்பை நுழைத்து, மாமாவின் காதருகே குனிந்தேன். மாலைகளுக்கு நடுவில் முகம் தூங்குவது போல இருந்தது. “மாமா, அடிச்சிட்டாங்க. நம்ம பசங்க அடிச்சிட்டாங்க மாமா” என்றேன். நேற்றிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது.

அதைக் கேட்ட யாரோ பின்னால் சொன்னார்கள், அடித்துவிட்டார்களாம் என்று. ஊர்வலத்தில் அந்தச் செய்தி வேறு மாதிரி பரவியது. பின்வரிசை இளைஞர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் ஓடி வந்தார்கள். “எவன்டா நம்ம பசங்கள அடிச்சது? எந்த ஊரு?”

கதிர்வேல் கொள்ளிச்சட்டியோடு திரும்பி வந்தார். “இன்னாடா, யாரு யார அடிச்சது?”

“இந்தியா அடிச்சிது மாமா” என்றேன், விக்கலோடு.

“யார?”

“சிரியாவ.”

அவர் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். காதிலிருந்து தொங்கிய ஒயரைப் பார்த்தார். தலையில் கிடந்த பொரியைப் பார்த்தார். பிறகு மேளக்காரர்கள் பக்கம் திரும்பி, “நீங்க அடிங்கப்பா” என்றார்.

ஊர்வலம் நகர்ந்தது. வெறும் கூடையோடு நான் நடந்தேன். வெட்கம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதற்குள்ளே ஒரு நிம்மதியும் இருந்தது. மாமாவுக்குச் சேர வேண்டியதைக் கடைசி நேரத்தில் சேர்த்துவிட்டேன் என்ற நிம்மதி.

சங்கராபரணி ஆற்றங்கரைச் சுடுகாட்டில் எல்லாம் முடிந்தது. திரும்பும் வழியில் ஒரு வயல் போர்செட்டில் எல்லோரும் குளித்தோம். ஈர வேட்டியோடு போனை எடுத்துப் பார்த்தேன். சிக்னல் வந்திருந்தது. ஆட்டம் முடிந்திருந்தது. சிரியா ஒன்று, இந்தியா பூஜ்யம். அந்தப் பந்து வலைக்குள் போகவே இல்லை. அந்தக் கோப்பை முழுவதிலும் நாம் ஒரு கோல்கூடப் போடவில்லை.

திரும்பிப் பார்த்தேன். ஆற்றங்கரையில் புகை எழும்பிக்கொண்டிருந்தது. போய்த் திருத்திச் சொல்ல வழியில்லை.

பால் தெளித்த அன்று அக்கா என்னை உள்ளே கூப்பிட்டாள். நான் கொண்டுபோன கோடிப் புடவையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

“அவரு காதுல ஏதோ சொன்னியாமே. நெசமாவா அடிச்சாங்க?”

வாய் வரைக்கும் வந்த பொய்யை விழுங்கிவிட்டு, “இல்லக்கா. சிக்னல் பூட்ச்சி. நானா நெனச்சிக்கினேன்” என்றேன்.

“அவரு நம்பியிருக்க மாட்டாருடா” என்றாள். “ஆப்சைடா இருக்கும், ஒழுங்கா பாருன்னு சொல்லியிருப்பாரு.” சிரித்தாள். அந்த வீட்டில் மாமா போன பிறகு கேட்ட முதல் சிரிப்பு அது. சிரிப்பு பாதியில் உடைந்தது. நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு ஊரில் எந்தச் சாவுக்குப் போனாலும் முதலில் என் காதைத்தான் பார்க்கிறார்கள். பொரிக் கூடையை யாரும் என்னிடம் தருவதில்லை. அடுத்த ஆசியக் கோப்பைக்கு நம் அணி தகுதியே பெறவில்லை, அதனால் என்னால் இனி ஆபத்தில்லை என்று கதிர்வேல் மாமா எல்லோருக்கும் உறுதி சொல்லியிருக்கிறார். எங்கள் குடும்பத்தில் யார் நல்ல சேதி கொண்டுவந்தாலும், “இது நெசமான சேதியா, மாமா காதுல சொன்ன சேதியா?” என்று கேட்பது வழக்கமாகிவிட்டது.

போன மாதம் அக்கா மகளுக்கு வேலை கிடைத்தது. வீட்டுக்குள் ஓடி வந்து சொன்னாள். அக்கா வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

“நெசம்தாம்மா” என்று மகள் போனைக் காட்டினாள்.

மாமாவின் படத்தருகே போய்ச் சொல்லலாம் என்று நான் எழுந்தேன். அக்கா என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

“நீ வாணாம். நானே சொல்லிக்கிறேன்.”