சத்துக் கங்காணி

சிங்கப்பூரில் பிள்ளை பெற்றவர்கள் பல ரகம். துணைப்பாட வகுப்புக்கும் வீட்டுக்கும் டாக்சி ஓட்டியே தேய்கிறவர், பள்ளிப் பையைத் தானே சுமந்துகொண்டு பிள்ளையை வெறுங்கையோடு நடக்கவிடுகிறவர், தேர்வுத் தாளை மகனுக்கு முன்பே ரகசியமாகச் செய்து பார்த்து அதிலும் தேறாமல் போகிறவர் என்று ஆளாளுக்கு ஒரு கிறுக்கு. அவர்களை எல்லாம் நான் எப்போதோ மன்னித்துவிட்டேன். இன்று உங்கள் முன் நிறுத்தப்போகிற ஆசாமி வேறு. இவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் சத்துக் கங்காணி. தோட்டத்துக் கங்காணி ஆள்களை எண்ணி வேலைக்காட்டுக்கு அனுப்பினார். இவர் புரதத்தையும் நார்ச்சத்தையும் எண்ணிப் பள்ளிப் பிள்ளைகளின் தட்டுக்கு அனுப்புகிறார். தட்டிலிருந்து அது எங்கே போகிறது என்பது இவருடைய இலாகா அல்ல.

இவரைக் கண்டுபிடிப்பது சுலபம். பிறந்தநாள் விருந்தில் கேக் வெட்டும் நேரம் பார்த்து, "இதுல எவ்ளோ சுகர் தெரியுமா?" என்று கேட்பார். பக்கத்து வீட்டுப் பிள்ளை மைலோ சாக்லேட் பானம் குடித்தால் அதன் அம்மாவைத் துக்கம் விசாரிப்பதுபோல் பார்ப்பார். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் மற்றவர்கள் காலை வணக்கம் அனுப்பும் நேரத்தில் இவர் உப்பைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரையை அனுப்புவார். யாரும் படிப்பதில்லை. எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

உதாரணத்துக்கு எங்கள் ஆம்ப்ரோஸையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆங் மோ கியோவில் எங்கள் புளோக்கில்தான் இருக்கிறார். காப்புறுதி நிறுவனத்தில் வேலை, மனைவி பெயர் பெட்டி, ஒரே மகள் ஷார்லீன். அவளும் என் மகனும் ஒரே பள்ளியில் தொடக்கநிலை மூன்று படிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தேவாலயக் கூடத்தில் நின்று, எண்ணெய்ப் பண்டங்கள் பிள்ளைகளின் இரத்தக் குழாயை எப்படி அடைக்கின்றன என்று அவர் விளக்கும்போது கேட்க வேண்டும். கையை ஆட்டி ஆட்டிப் பேசுவார், அந்தக் கையில் எண்ணெயில் பொரித்த கறிபாப் பாதி கடித்தபடி இருக்கும். ஒருமுறை தேக்காவில் வாழை இலைக் கடையில் பார்த்தேன். மீன் தலைக் கறியை இரண்டாவது தடவை ஊற்றச் சொல்லிவிட்டு, இலையோரத்தில் வைத்த பொரியலைத் தொடாமலே இலையை மடித்தார். என்னைப் பார்த்ததும், "இன்னைக்குச் சீட் டே லா, டயட்டுக்கு லீவு," என்றார். அன்று செவ்வாய்க்கிழமை.

இப்படிப்பட்டவரிடம் எங்கள் பள்ளி ஆலோசனை கேட்டது. கேண்டீன் உணவை இன்னும் சத்தானதாக்க என்ன செய்யலாம் என்று பெற்றோர் ஆதரவுக் குழுவில் முதல்வர் ஒரு மரியாதைக்குக் கேட்டுவைத்தார். மற்றவர்கள், உப்பைக் கொஞ்சம் குறைக்கலாம், பழம் ஒரு துண்டு கூட்டலாம் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்கள். ஆம்ப்ரோஸ் மடிக்கணினியைத் திறந்தார். திரையில் பச்சை வட்டம், மஞ்சள் வட்டம், வட்டத்துக்குள் வட்டம். முதல்வர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "வெரி காம்ப்ரிஹென்சிவ், மிஸ்டர் ஆம்ப்ரோஸ்," என்றார். போதும், உட்காருங்கள் என்பதை இந்த ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் கங்காணியை உட்கார வைக்க யாரால் முடியும்? தொடக்கநிலை மூன்றுக்கு மட்டும் ஒரு பள்ளித் தவணை முயன்று பார்ப்பதென்று முடிவாயிற்று.

பிள்ளைகளுக்குப் பிடித்த மீன் உருண்டை நூடல்ஸ், அதாவது ஃபிஷ்பால் மீ, போயிற்று. அதற்குப் பதிலாக பிரவுன் ரைஸ், உப்பில்லாமல் ஆவியில் வெந்த டோஃபு, வேகவைத்த பாகற்காய், ஓரத்தில் ஒரு பப்பாளித் துண்டு, சின்ன அட்டைப் பெட்டியில் இனிப்புச் சேர்க்காத சோயா பால். தட்டு காலியானால்தான் திடலுக்கு விளையாடப் போகலாம். காலித் தட்டைக் காட்டினால் ஆசிரியர் ஒரு ஸ்டிக்கர் கொடுப்பார். ஸ்டிக்கரும் ஆம்ப்ரோஸின் யோசனைதான்.

திட்டம் அமோக வெற்றி. ஸ்டிக்கர்கள் குவிந்தன. எல்லாரையும் முந்தியவள் ஷார்லீன். அவளுடைய ஸ்டிக்கர் அட்டையைப் படம் எடுத்து ஆம்ப்ரோஸ் குழுவில் போட்டார், பின்பு மறந்துவிட்டதுபோல் இன்னொரு தடவையும் போட்டார்.

அவர் மனைவி பெட்டிதான் அந்தப் படத்துக்குக் கட்டைவிரலைத் தூக்கவில்லை. ஒரு நாள் மின்தூக்கியில் என்னிடம் புலம்பினார்.

"ஸ்கூல் விட்டு வந்ததும் ஷூவைக்கூடக் கழட்டாம சட்டியைத் தொறக்கிறாண்ணே. யூனிஃபார்ம் பாவாடை இடுப்புல நிக்கல, ஊக்கு குத்தி அனுப்புறேன். பிள்ளை அங்க சாப்பிடுதா இல்லையான்னே தெரியல."

"ஆம்ப்ரோஸ்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேனே. குரோத் ஸ்பர்ட்டாம், வளர்ற வயசாம். ஸ்டிக்கர் அட்டையை எடுத்துக் காட்டுறாரு."

பெற்ற தாய் பிள்ளையின் இடுப்பைக் காட்டுகிறாள், இந்த மனிதர் அட்டையைக் காட்டுகிறார். எனக்கு வந்த கோபத்தில் என் மாடியில் இறங்க மறந்துவிட்டேன்.

அடுத்த வாரமே பள்ளியில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். குழுவிலுள்ள பெற்றோர் ரிசெஸ் இடைவேளை நேரத்தில் வந்து, பிள்ளைகளோடு உட்கார்ந்து அதே உணவைச் சாப்பிட வேண்டும். ஆம்ப்ரோஸ் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு வந்தார். ஷார்லீனுக்குப் பக்கத்தில் அவர், எதிர் பெஞ்சில் நானும் என் மகனும். தட்டைப் பல கோணங்களில் படம் எடுத்தார். முதல் கரண்டிக்கு, "வெரி கிளீன் டேஸ்ட்," என்றார். இரண்டாவது கரண்டியில் பேச்சு நின்றது. மூன்றாவதில் பாகற்காய். அதை அவர் மென்றார், மென்றார், மென்றுகொண்டே இருந்தார். அது உள்ளே போவதாக இல்லை. இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். பைக்குள்ளிருந்து டிஷ்யூவை எடுத்து, இருமுவதுபோல் வாயைப் பொத்தினார்.

ஷார்லீன் அதைப் பார்த்துவிட்டாள். சிரிக்கவில்லை. தான் குடித்து முடித்த பால் பெட்டியின் வாயைப் பதமாக விரித்து, மேசைக்கடியில் அப்பாவின் மடிக்கு நகர்த்தினாள்.

"டாடி, டிஷ்யூல வேணாம். டீச்சர் செக் பண்ணுவாங்க. இதுல போடுங்க."

ஆம்ப்ரோஸ் பால் பெட்டிக்குள் பார்த்தார். பிரவுன் ரைஸ், டோஃபு, பாகற்காய், எல்லாச் சத்தும் ஒன்றுவிடாமல் அதற்குள் இருந்தது.

"டெய்லி இப்படித்தான் பண்றியா?"

"எல்லாருமே இப்படித்தான், டாடி. பால் மட்டும் குடிச்சிடுவேன்."

"பசிக்காதா?"

"பசிக்கும்," என்றாள் ஷார்லீன். "ரெண்டு மணிக்கு வீட்டுக்கு வந்துடுவேன்ல."

சொல்லிவிட்டுக் காலித் தட்டைத் தூக்கிக்கொண்டு ஸ்டிக்கர் வாங்க ஓடினாள். ஆம்ப்ரோஸின் முகம் விழுந்துவிட்டது. அந்த ஒரு நிமிடம் அவர் வெறும் அப்பாவாக உட்கார்ந்திருந்தார். எனக்கே பாவமாக இருந்தது. சரி, ஆள் திருந்திவிட்டார், ஃபிஷ்பால் மீ திரும்பி வந்துவிடும், ஷார்லீனின் அம்மா இனி ஊக்கைத் தேட வேண்டியதில்லை என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். கங்காணி வர்க்கத்தை அப்போதும் நான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை.

அடுத்த குழுக் கூட்டத்தில் ஆம்ப்ரோஸ் எழுந்தார்.

"எங்க லீக் ஆகுதுன்னு கண்டுபிடிச்சிட்டேன்," என்று தொடங்கினார். "பால் பெட்டிதான் பிராப்ளம். அதை எடுத்துடலாம். பிள்ளைங்க வீட்டுலேர்ந்து தண்ணி போத்தல் கொண்டு வரட்டும்."

"அந்தப் பால் ஒண்ணுதானே உங்க மக வயித்துக்குப் போச்சு?" என்று கேட்டேன்.

"அதையும் யோசிச்சிட்டேன், பிரதர். கால்சியம் குறையக்கூடாதுன்னு டோஃபுவைக் கூட்டியிருக்கேன்." திரையில் ஒரு வட்டம் பெரிதாயிற்று.

அறைக்கு வெளியே, பெற்றோருக்காக வரவழைத்திருந்த பொரித்த கோழி இறக்கைகள் ஆறிக்கொண்டிருந்தன. அதனால் யாரும் மேற்கொண்டு விவாதிக்கவில்லை. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது என்று செயலாளர் அறிவித்தார். என் மனம் அந்த ஏகத்தில் சேர்த்தி இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். அதற்குள் எல்லாரும் தட்டோடு வரிசையில் நின்றார்கள்.

சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள் அல்லவா? இருங்கள், உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். ஷார்லீன் அந்தப் பால் பெட்டியை நீட்டியதைப் படித்தபோது உங்களுக்கு முதலில் என்ன தோன்றியது? இந்தப் பிள்ளை இரண்டு மணிவரை பட்டினியா என்றா? இல்லை, நம் வீட்டுப் பிள்ளை இதையெல்லாம் எங்கே ஒளித்துவைக்கிறது என்றா? இரண்டாவதுதான் என்றால் தயங்க வேண்டாம், எங்கள் குழுவில் உங்களுக்கு இடம் இருக்கிறது. ஆம்ப்ரோஸ் ஆள் தேடிக்கொண்டிருக்கிறார். தினமும் ரிசெஸ் முடிந்ததும் பிள்ளைகளின் தண்ணீர் போத்தலுக்குள் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டுமாம்.