தேர் மாதிரி ஒரு படகுக் கொட்டகை

விழுப்புரம், பெண்ணையாற்றங்கரை.

மரியாதைக்குரிய மச்சான் சவுரிராயன் அவர்களுக்கு, தங்கள் தங்கை ஞானமேரியின் கணவன் அமலதாஸ் மேஸ்திரி எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கு அனைவரும் நலம். திண்டிவனத்தில் தாங்களும் தங்கள் மூட்டுவலியும் நலமா? தங்களோடு போனில் பேசமாட்டேன் என்று ஈஸ்டர் அன்று சத்தியம் செய்துவிட்டதால் கடிதம்.

அன்று பந்தியில் எல்லார் முன்னாலும் என்ன சொன்னீர்கள்? "ஆத்துல தண்ணியக் காணோம், படகுக்கு வூடு கட்டப் போவுதாம் உன் பொண்ணு! பேசாம நர்சுக்குப் படிக்க வச்சிருக்கலாம்." மச்சான், தடுப்பணை கட்டிய பிறகு ஆற்றில் தண்ணீர் ததும்பி நிற்கிறது. உங்கள் மருமகள் வெனிலா வரைந்த கொட்டகையும் எழும்பி நிற்கிறது. எட்டுப் பேர் துடுப்புப் போடும் கல்லூரிப் படகு அதில்தான் குடியிருக்கப் போகிறது. ஞாயிறு திறப்பு விழா. கட்டடக்கலை படித்த அவளுக்கு இதுதான் முதல் கட்டடம். இது நன்றாக அமைந்தால்தான் அடுத்த வேலை.

"நம்ம ஊரு கைவேல கண்ணுக்குத் தெரியணும்ப்பா" என்றாள். ஐயனார் குதிரை செய்யும் ஜெகதீசனைப் பிடித்து, ஓட்டுக்கு ஓடு துடுப்பு அச்சுப் பதித்துச் சுட வைத்தோம். கதவு, நம் மாதா தேரைச் செதுக்கிய ஆசாரி கைவண்ணம். ஜன்னலுக்குக் கோரைப்பாய்த் தட்டி. போறவன் வர்றவன் எல்லாம் செல்பி எடுத்துக்கினு போறான். எனக்குப் பெருமை தாங்கவில்லை மச்சான், மறைக்கமாட்டேன்.

வரைபடத்தில் ஒரே ஒரு குறை. பக்கத்து மனையில் காலியாய்ப் பூட்டிக் கிடக்கும் உங்கள் மல்லாட்டைக் (வேர்க்கடலை) கொட்டகை மாதிரி நீளமாய், குட்டையாய் வரைந்திருந்தாள். அவள் சென்னையில் இருந்த சமயம் நானே திருத்திவிட்டேன். நீளத்தைக் குறைத்து உயரத்தைக் கூட்டி, நம் தேர்க் கொட்டகை மாதிரி கம்பீரமாக நிறுத்தினேன். பாரம்பரியம் என்றால் அதுதானே? வந்து பார்த்து ஆச்சரியப்படட்டும் என்று அவளிடம் சொல்லவில்லை. உங்கள் கொட்டகை பக்கத்தில் செருப்பு டப்பா மாதிரி கிடக்கிறது. ஞாயிறன்று அதன்மேல் சாக்குப் போட்டு மறைத்துக்கொள்ள அனுமதி வேண்டும்.

குடும்பத்தோடு வந்து கண்ணாரப் பாருங்கள். வீட்டில் கிளாரா அக்காவுக்கு என் வணக்கம். மாதா உங்கள் மூட்டுக்குப் பலம் தரட்டும்.

இப்படிக்கு,
அமலதாஸ்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் லாரியில் படகு வந்துவிட்டது, கூடவே வெனிலாவும். படகு பாதி உள்ளே, பாதி வெளியே. வெனிலா கொட்டகையை அண்ணாந்து பார்த்தாள். "அப்பா, தேர்தான் நின்னுக்கினு இருக்கும். படகு படுத்துக்கினுதான் இருக்கும்." அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், சிரித்துவிட்டாள். பிறகு நேராகப் போய் உங்கள் மல்லாட்டைக் கொட்டகையை அளந்தாள். கச்சிதம். "மாமாகிட்ட நீங்களே கேளுங்க" என்கிறாள். ஓடு, கதவு, தட்டி எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு அங்கே மாட்டத் தயாராக நிற்கிறோம். சாவியை ஜல்தியாகக் கொடுத்தனுப்புங்கள். ரிப்பன் நீங்கள்தான் வெட்டவேண்டும். சாக்கைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், என் கொட்டகைக்குப் போட்டுக்கொள்கிறேன்.