சம்பந்தி ஊர்க் கொடி

"யாருய்யா அது, மந்திரி வர்ற நேரம் பாத்து மாடியில கருப்புக் கொடி கட்டனது?"

தெருவிலிருந்து ஏட்டு இளம்பரிதி போட்ட சத்தத்தில் ஜோசப் ஆனந்த் மாடிச் சுவருக்கு மேலே தலையை நீட்டினார்.

"கருப்புக் கொடி இல்லீங்க ஏட்டையா, சம்பந்தி கொடி!"

மகள் லினெட்டின் கல்யாணத்தை முடிவு செய்துவிட்டுப் போக, பிரான்சிலிருந்து பையனின் பெற்றோர் அன்று ரெட்டியார்பாளையம் வருகிறார்கள். அப்பா அங்கே பிரெத்தாஞ் என்ற மாகாணத்து வெள்ளைக்காரர். அம்மா நம் காரைக்கால்காரர். 'அப்பாவுக்கு எங்க ஊர்க் கொடின்னா உயிர்' என்று பையன் போனில் சொல்லிவைத்தான். போதாதா? ஜோசப் ஆனந்த் அந்தக் கொடியின் படத்தைக் காட்டி, தையல்கார ஜலால் பாயிடம் ஒன்று தைத்து வாங்கி ஏற்றிவிட்டார்.

"நல்லா பாருங்க. அஞ்சு கருப்புப் பட்டை அவங்க ஊரோட கெழக்குப் பக்கம். நாலு வெள்ளை மேற்குப் பக்கம்."

"மூலையில புள்ளி புள்ளியா?"

"கீரி மாதிரி ஒரு பிராணியோட வாலுங்க. அந்தக் காலத்துப் பிரபுவோட சின்னம்."

"அதுவும் கருப்பாத்தான இருக்கு! மந்திரி கார நிறுத்தி வாலுக்கதை சொல்லச் சொல்றியா? எறக்குய்யா!"

இறக்கினார். பாதியில் கயிறு சிக்கிக்கொண்டது.

எதிர்வீட்டு சந்திரகலா தலைதெறிக்க ஓடிவந்தாள். "ஐயோ அண்ணே, அரைக்கம்பத்துல பறக்குதே, யாரு போயிட்டாங்க?" இவர் வாயைத் திறப்பதற்குள் அவள் மாலைக்குச் சொல்லி அனுப்பிவிட்டாள்.

"கருப்பு வெள்ளையா இருக்கறதுதான் வம்பு" என்று ஜலால் பாய் கத்தரியோடு மாடியேறினார். "அடியில செவப்புல ஒரு பட்டை குடுத்துட்டா கல்யாணக்களை வந்துடும் முசியே!"

களை வந்தது. கூடவே கட்சிக்காரர்களும் வந்தார்கள்.

"அண்ணே, நம்ம கட்சியில எப்ப சேந்தீங்க? ஒரு வார்த்தை சொல்லலியே!" கரைத்துண்டு ஒன்று ஜோசப் ஆனந்தின் தோளில் விழுந்தது.

"பப்பா, எனக்குக் கல்யாணமே ஆவப்போறதில்ல" என்றாள் லினெட்.

அந்த நேரம் பார்த்து டாக்சி வந்து நின்றது. வாசலில் சந்திரகலா சாவு மாலையோடு; ஏட்டு லத்தியோடு; ஜோசப் ஆனந்த் கரைத்துண்டோடு.

வெள்ளைக்காரர் இறங்கி அண்ணாந்து பார்த்தார். சிவப்புப் பட்டை அவர் கண்ணில் படவே இல்லை. நெஞ்சில் கை வைத்தார், கண் கலங்கியது. ஓடிவந்து ஜோசப் ஆனந்தைத் துண்டோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார்.

"பாத்தியாடி? முடிஞ்சிது உங் கல்யாணம்!" என்று மகளைப் பார்த்துச் சிரித்தார் ஜோசப் ஆனந்த்.

டாக்சியின் மறுபக்கக் கதவைத் திறந்து காரைக்கால் அம்மாள் ஒரு காலைக் கீழே வைத்தார். மாடியைப் பார்த்தார். வைத்த காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"காருல, சுவத்துல, தலகாணி உறையில எல்லாம் இதே கொடியப் பாத்துப் பாத்து வெறுத்துப்போய், இது கண்ணுலயே படாத வூடா ஒண்ணு வேணும்னுதான் பாண்டிச்சேரில பொண்ணு தேடனேன்... டிரைவர் தம்பி, பொட்டிய எறக்காத!"