பாதி தோசையும் முழு வாலிபமும்

சித்திரை முதல் தேதியிலிருந்து எனக்கு வயது ஏறாது, இறங்கும் என்று முடிவு செய்தேன். வருஷத்துக்கு ஒரு வயது வீதம். ஐம்பத்து நாலில் ஆரம்பித்து, நாற்பதில் கொஞ்ச நாள் தங்கி, முப்பத்திரண்டில் நிரந்தரமாக நின்றுவிடுவதாகத் திட்டம். அதற்கும் கீழே போனால் மறுபடி பரீட்சை எழுதச் சொல்வார்களோ என்று பயம்.

இந்தத் தீர்மானத்துக்குக் காரணம் ஒரு பஸ். லஸ்ஸிலிருந்து தி.நகருக்கு நானும் என் மனைவி விஜயலக்ஷ்மியும் நின்றுகொண்டு போனோம். காலேஜ் பெண் ஒருத்தி சட்டென்று எழுந்து, "தாத்தா, நீங்க உக்காருங்க" என்றாள். நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். பின்னால் கண்டக்டர்தான் இருந்தார். அவருக்கு இருபத்தைந்து வயதிருக்கும். அந்தப் பெண் அடுத்தபடியாக விஜயத்தைப் பார்த்து, "அக்கா, கொஞ்சம் தள்ளிக்குங்க, தாத்தா உக்காரட்டும்" என்றாள்.

நான் தாத்தா. அவள் அக்கா. எங்களுக்குள் வித்தியாசம் ஏழே வயது. உட்கார மாட்டேன் என்று பாண்டி பஜார் வரை வீம்பாக நின்றேன். அந்த வீம்புக்கு இரண்டு நாள் முழங்காலில் தைலம் தேய்க்க வேண்டியிருந்தது. தேய்த்துவிட்டது அக்காதான்.

வலி நின்றதும் லைப்ரரிக்குப் போய் ஒரு விஞ்ஞானப் பத்திரிகையைப் படித்தேன். மனித செல்லைக் கண்ணாடித் தட்டில் வளர்த்தால், ஐம்பது தடவை போல இரண்டிரண்டாகப் பிரிந்துவிட்டு, போதும் என்று நின்றுவிடுகிறதாம். உள்ளே யாரோ உட்கார்ந்து எண்ணிக்கொண்டே இருக்கிறார்கள். அந்த எண்ணிக்கையைப் பின்பக்கமாகத் திருப்ப ஒரு மருந்து கிடைத்தால் கிழவன் குமரனாகலாம் என்று கட்டுரை எழுதியவர் ஆசைப்பட்டிருந்தார். அவர் ஆசைப்பட்டதை நான் நடந்தே முடிந்ததாக எடுத்துக்கொண்டேன். இன்னொரு பக்கத்தில், அரை வயிறு சாப்பிட்ட எலிகள் முழு வயிறு சாப்பிட்ட எலிகளைவிட ரொம்ப நாள் உயிரோடு இருந்தன என்று போட்டிருந்தது. மருந்து வருகிற வரைக்கும் எலி வழியில் போவதென்று வீட்டுக்கு வந்தேன்.

"விஜயம், இனிமே எனக்கு எல்லாம் பாதி."

"சரி."

"ஏன்னு கேக்க மாட்டியா?"

"கேட்டா முழுசாச் சொல்லுவேளே."

கேட்காமலே முழுசாகச் சொன்னேன். அவள் அரிவாள்மணையில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"உங்களுக்கு இப்போ அம்பத்தி நாலு" என்றாள்.

"ஆமா."

"எனக்கு நாப்பத்தேழு. நீங்க வருஷத்துக்கு ஒண்ணு எறங்கறேள். நான் ஒண்ணு ஏறறேன்."

"ஆமா."

"அப்போ மூணரை வருஷத்துல ரெண்டு பேருக்கும் ஒரே வயசு."

கணக்கு சரியாகத்தான் இருந்தது. எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

"அதுக்கப்புறம்?" என்றாள்.

"அப்புறமும் நான் எறங்குவேன்."

"அப்போ நான் பெரியவ. தீபாவளிக்கு நீங்கதான் எனக்கு நமஸ்காரம் பண்ணணும்."

"அதுக்கு இன்னும் நாள் இருக்கு."

"இப்போலேர்ந்தே குனிஞ்சு பழகிக்கோங்கோ. முழங்கால் ஒத்துழைக்கணுமோன்னோ."

பேச்சை மாற்றுவதற்காக, "நீயும் வேணா பாதி சாப்பாட்டுக்கு வந்துடேன்" என்றேன்.

"முப்பது வருஷமா நான் மீந்ததைத்தான் சாப்பிடறேன். அதனாலதான் பஸ்ல அக்காவா இருக்கேன்" என்றாள்.

மறுநாள் காலையிலிருந்து விஞ்ஞானம் அமலுக்கு வந்தது. நான் நாலு தோசைக்காரன். தட்டில் இரண்டு விழுந்தது. காபி டம்ளரின் இடுப்போடு நின்றது. மத்தியானத்துக்கு அவள் கட்டிக் கொடுத்த டப்பாவில் தயிர் சாதம் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டிருந்தது. நான் கேட்டதைவிட அவள் கறாராக இருந்தாள். ஒரு நாள் வடை பண்ணி, அதையும் நடுவில் வெட்டி, ஓட்டை எந்தப் பாதியில் சேரும் என்று என்னையே கேட்டாள்.

மாடிப் போர்ஷனில் இருக்கும் சுயம்புலிங்கம் என்னை மாடிப்படியில் மடக்கினார். தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரர்.

"என்ன சாமி, இப்படி இளைச்சுட்டீரு? வீட்டுல சண்டையா?"

"சண்டை இல்லே, விஞ்ஞானம்."

விவரம் கேட்டார். கேட்டுவிட்டு, "இதை நம்ம ஞாயிறு மன்றத்துல வந்து பேசும். ஆள் கிடைக்காம தலைவர் அல்லாடுதாரு" என்றார். மேடை என்றதும் எனக்குப் பசி அடங்கிவிட்டது.

அந்த வாரம்தான் அந்தக் கடிதம் வந்தது. அடையாறில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர் வேலை. நவராத்திரியில் விஜயம் பாடியதைக் கேட்ட ஹெட்மிஸ்ட்ரஸ் எழுதியிருந்தாள். ஜூனில் சேர வேண்டும், மே மாதக் கடைசிக்குள் பதில் போட வேண்டும்.

"போகட்டுமா?" என்று கேட்டாள் விஜயம்.

"நாப்பத்தேழு வயசுல வேலைக்கா? ஊர் சிரிக்கும்."

இருபத்தேழில் அவள் கேட்டபோது, குழந்தை சின்னது என்றேன். முப்பத்தேழில் கேட்டபோது, பெண்ணுக்கு வரன் பார்க்கிற சமயம் என்றேன். இப்போது பெண் கல்யாணமாகிப் பம்பாயில் இருக்கிறாள். மிச்சமிருந்த ஒரே காரணம் வயது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஊர் சிரிப்பதெல்லாம் எனக்குப் பழக்கம்தான். என் கவலை டிபன். ஆபீசிலிருந்து ஐந்தரைக்கு வரும்போது வாசலிலேயே உப்புமா வாசனை வர வேண்டும், பாதியானாலும்.

அவள் கடிதத்தைக் காபிப்பொடி டப்பாவுக்கு அடியில் வைத்தாள். டப்பாவைக் கொஞ்சம் அழுத்தியே வைத்தாள். எனக்கு மனசு உறுத்தியது. அரை டம்ளர் காபி வருகிற வரைக்கும் உறுத்தியது.

மன்றம் தெற்கு மாட வீதியில் ஒரு மாடி ஹாலில் நடந்தது. தலைவர் ஸ்ரீனிவாசராகவன், கெமிஸ்ட்ரி புரொபஸராக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்பது பேர் வந்திருந்தார்கள். பெண்கள் பக்கத்தில் கடைசி வரிசையில் விஜயம் விசிறியோடு உட்கார்ந்திருந்தாள்.

"முதுமையை விரட்டலாமா?" என்ற தலைப்பில் முக்கால் மணி பேசினேன். செல், எலி எல்லாம் சொன்னேன். பிறகு தர்ம நியாயத்துக்கு வந்தேன். மருந்து பணக்காரனுக்கு மட்டும் போய்விடக் கூடாது, எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்றேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். எல்லோருக்கும் என்றால் எங்கள் சூப்பரின்டெண்டென்டுக்கும் உண்டு. அவர் ரிட்டயரே ஆக மாட்டார், என் பிரமோஷன் அதோகதி. எழுபத்தெட்டு வயதான என் மாமியாருக்கும் உண்டு. அந்த இரண்டையும் மேடையில் சொல்லவில்லை. "பல சமுதாயச் சிக்கல்கள் எழும்" என்று சொல்லி ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன்.

தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "மிஸ்டர் வேம்பு, அந்த எலி ரொம்ப நாள் இருந்தது வாஸ்தவம். ஆனா குட்டியா மாறிடலையே? சாவு தள்ளிப் போறது வேற, வயசு திரும்பறது வேற" என்றார். ஐந்து வாரம் பாதி தோசை தின்றவனிடம் இதை இவ்வளவு நிதானமாகச் சொல்லியிருக்க வேண்டாம்.

பிறகு சபையிலிருந்து கேள்விச் சீட்டுகள் வந்தன. தலைவர் முதல் சீட்டைப் படித்தார். "ஒரே ஒரு டோஸ் மருந்துதான் இருக்கிறது. கணவருக்கா, மனைவிக்கா?"

பெண்கள் பக்கம் விசிறிகள் நின்றன.

"மனைவிக்கே" என்றேன். ஹால் அதிர்ந்தது. என் ஆயுளில் எனக்குக் கிடைத்த முதல் கைதட்டல் அது. காலி வயிற்றில் கைதட்டல் சீக்கிரம் தலைக்கேறும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

இரண்டாவது சீட்டு. "மருந்து சாப்பிட்டு இளமையானவள் வேலைக்குப் போகலாமா?"

"தாராளமாக."

மூன்றாவது சீட்டு. "மருந்து வருவதற்கு முன்னாலேயே ஒருத்தி போக ஆசைப்பட்டு, வயதாகிவிட்டது என்று கணவர் தடுத்தால்?"

நான் மேஜையைத் தட்டினேன். "வயது என்பது ஒரு வியாதி என்று முக்கால் மணியாகச் சொல்கிறேன். அந்த வியாதி அந்த அம்மாளுக்கு இல்லை, அந்தக் கணவனுக்கு. அவன்தான் கிழவன். அம்மா, நீங்கள் நாளைக்கே வேலையில் சேருங்கள். அவன் ஏதாவது சொன்னால் என்னிடம் அனுப்புங்கள், நான் பேசிக்கொள்கிறேன்."

இந்தத் தடவை ஆண்களும் எழுந்து தட்டினார்கள். தலைவர், "பிரமாதம். இதை மன்றத்தோட தீர்மானமா மினிட்ஸ்ல ஏத்திடலாமா?" என்றார்.

"நான் வழிமொழியுதேன்" என்று சுயம்புலிங்கம் கையைத் தூக்கினார்.

நோட்டுப் புத்தகம் வந்தது. கொட்டை எழுத்தில் கையெழுத்துப் போட்டேன். ஞாபகார்த்தமாக இருக்கட்டும் என்று தலைவர் அந்தச் சீட்டுகளையும் என்னிடமே கொடுத்தார். மூன்றும் தினசரி காலண்டர் தாள்கள். மூன்றாவதைத் திருப்பினேன். தேதிக்குப் பக்கத்தில், "பால் கார்டு புதுப்பிக்க" என்று என் கையெழுத்திலேயே எழுதியிருந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். எல்லோரும் ஓய்ந்த பிறகும் கடைசி வரிசையில் ஒரு ஜோடிக் கை மட்டும் தட்டிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு நடக்கும்போது, "பதில் எப்போ போடப் போறே?" என்று ஈன ஸ்வரத்தில் கேட்டேன்.

"வெள்ளிக்கிழமையே போட்டுட்டேன்."

"இன்னிக்குத்தானே நான் பேசினேன்?"

"நாலு பேர் கைதட்டினா நீங்க எதுக்கும் ஒத்துப்பேள்னு எனக்குத் தெரியாதா?"

"சாயங்கால டிபன்?"

"எலிக்குப் பண்ற டிபன்தானே? பாதி உப்புமா கிண்ட எவ்வளவு நாழியாகும்? வாலிபர், நீங்களே பண்ணிக்கோங்கோ."

மினிட்ஸ் புத்தகத்தில் மாற்றுக் கருத்து எழுத இடம் உண்டா என்று சுயம்புலிங்கத்திடம் விசாரித்தேன். இல்லையாம்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. முதல் நாள் கொண்டுபோய் விடுகிறேன் என்று அரை நாள் லீவு போட்டேன். கறுப்பு ஃபிரேம் கண்ணாடி, கஞ்சி போட்ட காட்டன் புடவை, கையில் ஒரு தோல் பை. முப்பது வருஷத்தில் அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. இத்தனை நாள் பார்க்காமல் இருந்ததற்கு யார் காரணம் என்று நினைத்தபோது கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

அடையாறு பஸ்ஸில் நல்ல கூட்டம். இரட்டைப் பின்னலோடு ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் எழுந்து, "தாத்தா, நீங்க உக்காருங்க" என்றாள். பிறகு விஜயத்தைப் பார்த்து, "உங்க அப்பாவா அக்கா?" என்று கேட்டாள்.

"இல்லேம்மா" என்றாள் விஜயம். "இன்னும் நாலு வருஷம் போனா, என் தம்பி."

காலையில் ஒரு இட்லிதான் சாப்பிட்டிருந்தேன். உட்கார்ந்துகொண்டேன்.